கல்வீதிகளின் கதை – 12: மன்னரை அடைத்துவைத்த ஊர்

சென்ற வாரம் ப்ரூஜ் நகரத்து மாதா ஆலயத்தில், இளவரசி மேரியின் கல்லறைக்கு முன்னால் கதையை நிறுத்தியிருந்தோம். புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்காக முன்கதை சில வரிகளில்.

பர்கண்டியின் கோமகன் சார்லஸ், 1477 ஜனவரி 5ஆம் தேதி நான்சி போர்க்களத்தில் மாண்டார். ஆண் வாரிசு இல்லை. இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் பெரும்பகுதி அடங்கிய அவரது நாடு, பத்தொன்பது வயது மகள் மேரியின் கைக்கு வந்தது. அடுத்த மாதமே நகரங்கள் அவளிடம் ஓர் உரிமைப் பட்டயத்தை எழுதி வாங்கின. எங்கள் சம்மதம் இல்லாமல் போர் கூடாது, புது வரி கூடாது என்பது அதன் சாரம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவள் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை மணந்தாள். ஐந்தே ஆண்டுகள். 1482 மார்ச்சில் வல்லூறு வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து, அந்த மாதம் 27ஆம் தேதி ப்ரூஜ் அரண்மனையில் கண்ணை மூடினாள்.

அவளது கல்லறையின் மேல் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை படுத்திருக்கிறது. காலடியில் நாய்கள். பக்கவாட்டில் கிளை கிளையாகப் படரும் வம்ச மரமும், அதில் காய்த்துத் தொங்குவதுபோல் முன்னோர்களின் கேடயச் சின்னங்களும். அத்தனை முன்னோர்களைப் பெற்றவள் விட்டுச்சென்றதோ இரண்டு குழந்தைகளை. மூத்தவன் பிலிப்புக்கு வயது மூன்று. மார்கரெட்டுக்கு இரண்டு.

இந்த வாரக் கதை அந்த மூன்று வயதுப் பிள்ளையை வைத்துத் தொடங்குகிறது.

★

நாடு யாருக்கு?

மாக்சிமிலியனுக்கு இதில் சந்தேகமே இல்லை. பிள்ளை சிறுவன், தகப்பன் உயிரோடு இருக்கிறான், பிள்ளை வயதுக்கு வரும்வரை தகப்பன்தான் ஆள வேண்டும்.

ப்ரூஜ், கெண்ட் நகரங்கள் வேறு கணக்குப் போட்டன. நாடு மேரியுடையது. அவளுக்குப் பிறகு அவள் மகனுடையது. இவர் அவளுக்கு வாய்த்த கணவர். அவள் போன பிறகு இவருக்கு இங்கே என்ன வேலை? பிலிப்பின் பெயரால், தங்கள் மாநிலமான ஃப்ளாண்டர்ஸை ஆள நகரங்கள் தாங்களே ஒரு குழுவை அமைத்துக்கொண்டன. அதோடு நிற்கவில்லை. 1482 டிசம்பரில் பிரான்ஸுடன் சமாதானம் செய்து, இரண்டு வயது மார்கரெட்டைப் பிரெஞ்சு இளவரசனுக்கு நிச்சயம் பேசி, சீதனமாக இரண்டு மாகாணங்களையும் சேர்த்து அனுப்பிவைத்தன. தகப்பன் வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காயம் அவருக்கு ஆறவேயில்லை. படை திரட்டினார். 1485ல் நகரங்களைப் பணியவைத்தார். 1486ல் ஜெர்மானியச் சிற்றரசர்கள் அவரை ‘ரோமானியர்களின் மன்னர்’ என்று தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த பேரரசர் அவர்தான் என்பதற்கான பட்டம் அது. பட்டம் வந்ததும் பிரான்ஸுடன் மீண்டும் போர்.

போருக்குப் பணம் வேண்டும். கேட்டு வாங்கிய வரி போதாதபோது, கேட்காமலே எடுக்கும் வழி ஒன்று இருந்தது. வெள்ளி நாணயத்தில் வெள்ளியைக் குறைப்பது. பழைய நாணயத்தை உருக்கி, கலப்படம் சேர்த்து, அதே வெள்ளியில் கூடுதல் நாணயம் அடிப்பார்கள். மிச்சம் அரசருக்கு. நெசவாளிக்கு வாரக் கூலியாக முன்பு எத்தனை காசு கொடுத்தார்களோ அத்தனை காசுதான் இப்போதும் கொடுத்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் அந்தக் காசைக் கையில் எடை பார்த்துவிட்டு விலையை ஏற்றினார். நெய்பவர், தோல் பதனிடுபவர், கொல்லர், தச்சர் என்று நாணயத்தில் கூலி வாங்கிய எல்லோர் வீட்டிலும் அந்தப் போரின் செலவு விழுந்தது.

கூடவே ஜெர்மானியக் கூலிப்படை. சம்பளம் பாக்கி நின்ற மாதங்களில் அவர்கள் கிராமங்களில் புகுந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்.

1488ல் ப்ரூஜில் இதனால் வெடித்த கிளர்ச்சியைப் பற்றி எழுதும் பலர் ‘கலகக்காரக் கும்பல்’ என்ற சொல்லோடு தொடங்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த மக்களின் கையில் எழுதி முத்திரை வைத்த பட்டயம் இருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் அவர்கள் கண்முன்னே மீறப்பட்டது.

★

ஈட்டிகள் தாழ்ந்தன

1487ன் கடைசி. கெண்ட் நகரம் மீண்டும் கிளர்ந்துவிட்டது. மாக்சிமிலியன் ப்ரூஜுக்குள் வந்து தங்கினார். பெரும்படை கூட இல்லை. நகரப் பிரதிநிதிகளை அங்கே அழைத்துப் பேசி, ப்ரூஜைத் தன் பக்கம் நிறுத்திவிடலாம் என்று நம்பினார்.

ஜனவரி முடியும் வேளையில் நடந்ததாக ஒரு சம்பவத்தை அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அவருடைய ஜெர்மானிய வீரர்கள் ஊருக்குள் திறந்தவெளியில் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். நீண்ட ஈட்டிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னோக்கித் தாழ்த்தி, ஒரே குரலில் கத்தினார்கள். கூடி நின்ற ஊரார், தங்களைக் குத்த வருகிறார்கள் என்று நினைத்துச் சிதறி ஓடினார்கள்.

அது வெறும் பயிற்சியா, மிரட்டலா? வெளியே இருக்கும் படையை உள்ளே கொண்டுவந்து நகரைப் பிடிக்கப் போகிறார் என்ற பேச்சு ஏற்கெனவே தெருவெங்கும் இருந்தது. அந்த ஓட்டத்துக்குப் பிறகு அது பேச்சாக இல்லை, தீர்மானமான நம்பிக்கையாகிவிட்டது.

பிப்ரவரி 1. நகர வாயில்கள் மூடப்பட்டன. கைவினைச் சங்கங்கள் ஆயுதங்களோடு சந்தைத் திடலுக்கு வந்தன. ஒவ்வொரு சங்கமும் தன் கொடியைத் திடலில் நட்டது. கொடி அங்கே நிற்கும்வரை பட்டறைக்குத் திரும்ப மாட்டோம் என்பது அந்த ஊரில் தலைமுறைகளாக இருந்த வழக்கம். கூடாரம் போட்டார்கள். பீரங்கிகளை இழுத்து வந்து நிறுத்தினார்கள். குளிர்காலத்தில், திறந்தவெளியில், நெருப்பு மூட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

பிப்ரவரி 5. திடலின் ஓரத்தில் இருந்த ‘கிரானன்பர்க்’ என்ற வீட்டுக்குள் மன்னரைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள்.

ஐரோப்பாவின் வருங்காலப் பேரரசர் நெசவாளர்களுக்கும் கொல்லர்களுக்கும் கைதியானார். அவருக்கு வயது 28.

★

அந்த ஜன்னல்

கிரானன்பர்க் இன்றும் அதே மூலையில் இருக்கிறது. இப்போது அது உணவகம். முகப்பு பிற்காலத்தில் கட்டியது. மாக்சிமிலியன் பார்த்த கல் அல்ல. ஆனால் இடமும் கோணமும் மாறவில்லை. வெளியே போட்டிருக்கும் மேசைகளில் உட்கார்ந்தால் எதிரே திடல் முழுதும் தெரியும். இடப்பெயருக்காக மட்டும் அங்கே உட்கார்ந்துவிடாமல், அந்தக் கோணத்தைக் கவனியுங்கள். பர்கண்டி அரச குடும்பத்தார் திடலில் நடக்கும் குதிரைவீரர் போட்டிகளைப் பார்க்க உட்கார்ந்த வீடு இதுதான். ஊரிலேயே நல்ல பார்வை கிடைக்கும் ஜன்னல்கள். அவரை அங்கே அடைத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் அவர் பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். திடலில் மேடை எழுந்தது. மேடையில் ஆளை இழுத்துக் கட்டி வதைக்கும் சட்டம் வைக்கப்பட்டது. மன்னரின் அதிகாரிகள், அவர் பெயரால் வரி வசூலித்தவர்கள், ஒவ்வொருவராக அதில் ஏற்றப்பட்டார்கள். சிலர் தலை இழந்தார்கள். பட்டயம் கையில் இருந்தவர்கள் செய்ததுதான் இதுவும். அவர்கள் பக்கம் இருந்த நியாயத்தை மேலே எழுதிய அதே பேனாவால் இதையும் எழுதியாக வேண்டும்.

திடலின் தெற்கே நிற்கும் மணிக்கூண்டை அப்போது பார்த்திருந்தால் புத்தம்புதிதாக இருந்திருக்கும். இன்று 83 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் எண்கோண மேல்தளம் 1480களில்தான் கட்டி முடிக்கப்பட்டது. 366 படிகள். மேலே 47 மணிகள். சுற்றுலா வருபவர்கள் உச்சியை நோக்கிப் போகும் அவசரத்தில், வழியில் உள்ள கருவூல அறையில் மூச்சு வாங்க மட்டும் நிற்கிறார்கள். இரும்புக் கிராதிக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில்தான் நகரத்தின் பட்டயங்களைப் பூட்டிவைத்திருந்தார்கள். 1280ல் கோபுரம் தீப்பிடித்துப் பழைய பட்டயங்கள் எரிந்துபோயின. அதன் பிறகு செய்த பாதுகாப்பு அது. கிராதியைத் தொட்டுப் பார்த்தால், வளைந்து வளைந்து போகும் ஒவ்வொரு கம்பிச் சுருளிலும் கொல்லரின் உழைப்பு தெரிகிறது. தங்கத்துக்குக் கொடுத்த காவலை இந்த ஊர் தோல்சுருள்களுக்குக் கொடுத்தது. கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள். கீழே திடலில் கொடி நட்டவர்கள் எதற்காக நட்டார்கள் என்பது மேலே இந்த அறையில்தான் இருக்கிறது.

★

லாங்ஹல்ஸ்

தேடப்பட்டவர்களில் முதல் பெயர் பீட்டர் லாங்ஹல்ஸ். ப்ரூஜிலேயே வளர்ந்து பெரிய பதவிக்கு வந்தவர். நகரத்தில் மன்னரின் அதிகாரியாக இருந்து சட்டத்தையும் தண்டனையையும் பார்த்துக்கொண்டவர். பண விவகாரங்களில் மாக்சிமிலியனின் வலக்கை. வெளியூரான் செய்தால் கோபம். சொந்த ஊர்க்காரன் செய்தால் அது துரோகம். அந்த வெறுப்பு அவர்மேல் இருந்தது.

வாரக்கணக்கில் ஊருக்குள்ளேயே ஒளிந்திருந்தார். மார்ச்சில் பிடித்துவிட்டார்கள். அதே மேடை, அதே சட்டம். மார்ச் 22ஆம் தேதி தலையை வெட்டினார்கள்.

மார்ச் 22 மாக்சிமிலியனின் பிறந்தநாள். அன்று அவருக்கு 29 முடிந்தது.

அந்தக் கொலையை அவர் கிரானன்பர்க் ஜன்னலில் நின்று பார்க்க வைக்கப்பட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவரை நகருக்குள் வேறொரு பெரிய வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் செய்தி அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது.

லாங்ஹல்ஸின் உடல் மாதா ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. மேரியின் கல்லறையைப் பார்க்க வருபவர்களில் பலருக்கு, அதே கூரையின் கீழ் ஒரு பக்கச் சிற்றாலயம் இவர் பெயரைச் சுமந்து நிற்பது தெரிவதில்லை.

ப்ரூஜின் கால்வாய்களில் மிதக்கும் அன்னப்பறவைகளை எல்லோருக்கும் தெரியும். படகில் ஏறியவுடன் வழிகாட்டி சொல்லும் முதல் கதை இது: லாங்ஹல்ஸின் குலச்சின்னம் அன்னம், அவரைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக, ஊர் தன் செலவில் என்றென்றைக்கும் அன்னங்களை வளர்க்க வேண்டும் என்று மாக்சிமிலியன் உத்தரவிட்டார்.

இன்னொரு கதையும் உண்டு. மன்னரின் அரசவை விகடகவி குன்ஸ் ஃபான் டெர் ரோசன், சிறையிலிருந்த எஜமானரை மீட்க இரவில் தண்ணீரில் நீந்தி வந்தாராம். அகழியில் இருந்த அன்னங்கள் கூச்சலிட்டு அவரைச் சூழ்ந்து தாக்க, திரும்பி ஓடினாராம். பிறகு துறவி வேடத்தில் உள்ளே நுழைந்து, ‘என் அங்கியைப் போட்டுக்கொண்டு நீங்கள் போய்விடுங்கள், நான் இருக்கிறேன்’ என்று கெஞ்சினாராம். மன்னர் மறுத்துவிட்டாராம்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது கதையில், பரிகாரத்துக்கு முன்பே அன்னங்கள் தண்ணீரில் இருக்கின்றன. இரண்டுமே பிற்காலத்தில் வளர்ந்தவை. ஆனால் ஓர் ஊர், தான் செய்த கொலையைத் தானே மறக்கக்கூடாது என்பதற்காக ஒரு கதையைப் பிடித்துவைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

★

நீதிபதியின் தோல்

அந்த ஆண்டுகளின் மிக உண்மையான சாட்சியத்தைப் பார்க்க வேண்டுமானால், அன்னங்களை விட்டுவிட்டு குரூனிங்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

நகரமன்றத்தின் நீதி அறையில் மாட்டுவதற்காக ஜெரார்ட் டேவிட் என்ற ஓவியர் வரைந்த இரட்டைப் பலகை அங்கே இருக்கிறது. முடித்த ஆண்டு 1498. கதை பாரசீகத்துடையது, ஹெரோடோட்டஸ் எழுதியது. சிசாம்னஸ் என்ற நீதிபதி லஞ்சம் வாங்கினான். மன்னர் காம்பைசஸ் அவனைத் தோலுரிக்கச் சொன்னார்.

முதல் பலகையில் கைது. பின்னணியில், சிறியதாக, ஒரு வாசலில் பணப்பை கைமாறுகிறது. இரண்டாவது பலகையில் மேசையில் கிடக்கிறான். நான்கைந்து பேர் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை, வெறி இல்லை. காலில் வேலை செய்யும் ஒருவன், இரண்டு கையும் தேவைப்பட்டதால் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறான். தோல் கழன்ற இடத்துச் சிவப்பை ஓவியர் ஒளிக்கவில்லை. பின்னால், தகப்பனின் தோல் விரித்த ஆசனத்தில் மகன் அடுத்த நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான்.

சுற்றி நிற்பவர்களின் உடையும் முகமும் பாரசீகம் அல்ல. ப்ரூஜ். 1488ல் அந்தத் திடலில் நின்றவர்கள் உயிரோடு இருந்த காலத்தில், தீர்ப்புச் சொல்லும் ஒவ்வொருவரும் தினமும் நிமிர்ந்து பார்க்கும் சுவரில் இதைத் தொங்கவிட்டார்கள். இந்தப் பயணத்தில் இதுவரை பார்த்த எந்தக் கோட்டையும் கோபுரமும் என்னை இவ்வளவு நேரம் நிற்கவைக்கவில்லை.

★

மே 16

மன்னரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிறை பிடித்தவர்களுக்கே விடை தெரியவில்லை. கொன்றால் ஜெர்மனி முழுதும் படையெடுக்கும். விட்டால் அவரே படையோடு வருவார்.

வாரிசு அவர்கள் கையில் இல்லை. ஒன்பது வயது பிலிப், தாயின் மாற்றாந்தாயான இன்னொரு மார்கரெட்டின் பொறுப்பில், மெக்கலன் நகரில் பத்திரமாக இருந்தான். போப் தரப்பிலிருந்து திருச்சபைத் தண்டனை என்ற அச்சுறுத்தல் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய பேரரசர் மூன்றாம் ஃப்ரெடரிக், மகனை மீட்கத் தானே படையோடு புறப்பட்டார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். மாக்சிமிலியன் ஃப்ளாண்டர்ஸின் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுப்பார். பிலிப்பின் பெயரால் குழு ஆளும். அந்நியப் படைகள் வெளியேறும். பிரான்ஸுடன் சமாதானம். நடந்ததற்குப் பழிவாங்கல் இல்லை.

1488 மே 16. மூன்று மாதங்களுக்கு மேல் கைதியாக இருந்தவரைத் திடலுக்கு அழைத்து வந்தார்கள். பலிபீடம் அமைத்து அதன்மேல் புனிதப் பண்டங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஊர் முழுதும் பார்த்திருக்க, மன்னர் அவற்றின் மீது சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்துக்குப் பிணையாக ஒருவர் தன்னையே கொடுத்தார். மாக்சிமிலியனின் தளபதிகளில் ஒருவரான கிளீவ்ஸ் பிலிப். மன்னர் வாக்குத் தவறினால் அவருக்கு எதிராக ஃப்ளாண்டர்ஸ் பக்கம் நின்று போராடுவேன் என்பது அவர் கொடுத்த உறுதி.

வாயில்கள் திறந்தன. மன்னர் வெளியே போனார்.

சில நாள்களில் தந்தையின் படையோடு சேர்ந்துகொண்டார். கட்டாயத்தின் பேரில் செய்த சத்தியம் செல்லாது என்று ஜெர்மானியச் சிற்றரசர்கள் சொன்னார்கள். படை கெண்டை நோக்கி நகர்ந்தது.

கிளீவ்ஸ் பிலிப் தன் வாக்கை மீறவில்லை. எஜமானருக்கு எதிராக வாளெடுத்தார். கடலுக்கும் ப்ரூஜுக்கும் நடுவே இருந்த ஸ்லுயிஸ் கோட்டையைப் பிடித்துக்கொண்டு 1492 வரை பணியாமல் இருந்தார். இந்தக் கதையில் யாருடைய பெயரையாவது மரியாதையோடு சொல்ல வேண்டுமென்றால் நான் இவர் பெயரைச் சொல்வேன்.

★

பேனாவால் ஒரு முற்றுகை

கெண்ட் விழவில்லை. வாளால் முடியாததை மாக்சிமிலியன் வேறு வழியில் செய்தார். 1488 கோடையில், ப்ரூஜில் இருந்த வெளிநாட்டு வணிகர்கள் அனைவரும் ஆன்ட்வெர்ப் நகருக்கு இடம்பெயர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஜெனோவா, ஃப்ளாரன்ஸ், வெனிஸ், காஸ்டீல், ஜெர்மனியின் ஹான்சா நகரங்கள். ஒவ்வொரு நாட்டு வணிகருக்கும் ப்ரூஜில் தனி மாளிகை, தனித் தலைவர், தனி வழக்குமுறை இருந்தது. கம்பளி, பட்டு, மது, மசாலா, கடன் சீட்டு எல்லாம் அங்கே கைமாறின. சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரின் மூச்சு அதுதான்.

1490 நவம்பர் 29ல் ப்ரூஜ் பணிந்தது. பெரும் அபராதம் கட்டியது. அதற்குள் மாளிகைகள் பல காலியாகியிருந்தன. சமாதானம் வந்ததும் நகரம் வணிகர்களைத் திரும்ப அழைத்தது. சலுகைகள் கொடுத்தது. சிலர் வந்தார்கள். காஸ்டீலின் கம்பளி வணிகர்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே நிலைத்தார்கள். மற்றவர்கள்?

இன்று ப்ரூஜ் வீழ்ந்த காரணத்தைக் கேட்டால் எல்லோரும் மணலைச் சொல்வார்கள். 1134ல் ஒரு புயல் திறந்துவிட்ட ஸ்வின் கடல்வழி கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து, பெரிய கப்பல்கள் வர முடியாமல் போனது. அது உண்மை. ஆனால் அந்த மணல் நூறு ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த நூறு ஆண்டுகளிலும் ஊர் பணக்கார ஊராகத்தான் இருந்தது. தூர்வாரினார்கள், சிறு படகுகளில் சரக்கை மாற்றி ஏற்றினார்கள், சமாளித்தார்கள். வணிகர்கள் மூட்டை கட்டியது, திடலில் கொடி நட்ட அந்த 1488க்குப் பிறகுதான்.

1501ல் லிஸ்பனிலிருந்து ஒரு சரக்கு வந்தது. வாஸ்கோ ட காமா திறந்த வழியில் மலபார்க் கரையிலிருந்து கொண்டுவந்த மிளகு. அந்தக் கப்பல் ப்ரூஜைக் கடந்து நேராக ஆன்ட்வெர்ப் துறைக்குப் போய் நின்றது.

இத்தனை பெரிய ஊரை முடித்துவைத்தது மணலா, மன்னரா, மிளகா? ஆன்ட்வெர்ப்பின் துறையில் நின்று விடை தேடுவோம், அடுத்த வாரம்.